முக்கியமான ஒருவர் கடந்து செல்கிறார்

வழித்துணை என்று அந்தக் கருவிக்குப் பெயர் வைத்தவன் அங்கமுத்துவோடு ஒரு தடவையாவது வண்டியில் ஏறி வந்திருக்க வேண்டும். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரிக்குப் போவதற்காகக் கிளம்பி, சம்பந்தமே இல்லாமல் ஒரு தறிப்பட்டறையின் பின்பக்கம், சாயத்தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி வேனை ஓரங்கட்டி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் சுகம் அப்போது அவனுக்கும் தெரிந்திருக்கும். முன்கண்ணாடியில் ரப்பர் வாயால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி, பட்டணத்துப் பெண் குரலில் சொல்லும்:

“முக்கியமான ஒருவர் கடந்து செல்கிறார். தயவுசெய்து காத்திருக்கவும்.”

காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில், “தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.” அதோடு திரையின் மூலையில் இருக்கும் குடத்தின் படத்தில் தண்ணீர் ஒரு நூலளவு ஏறும்.

அங்கமுத்து பெருந்தன்மையான ஆள் கிடையாது. தன்னுடைய ஹாலோபிளாக் களத்தில் ஒரு கல் மூலை உடைந்தால் அதற்கு நாலு பேரை நிறுத்தி விசாரணை வைக்கிறவன். ஆனால் ஐம்பது வயதுவரை ஒருத்தரும் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அப்பனோடு ரோட்டோரம் உட்கார்ந்து கருங்கல் உடைத்து ஜல்லி குவித்த காலத்தில், கார் வந்தால் விலகி நிற்பதும் வேலையில் சேர்த்திதான். விலகாதவனுக்கு வசவு கிடைக்கும். விலகினவனுக்குப் புழுதி கிடைக்கும். அதே விலகலுக்கு இப்போது ஒரு பெண் நன்றி சொன்னாள். மனிதன் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டான்.

வாங்கிய அன்றைக்கே அவனுடைய மனைவி பாவாயி கடையில் வைத்துக் கேட்டாள்.

“ஏந் தம்பி, வழி காட்டறதுக்குப் போனே இருக்குது. இதெதுக்கு?”

“போன் வழி மட்டுந்தான் காட்டும்க்கா” என்றான் கடைக்காரன். “நாலு வண்டி ஒரே பாலத்துல முட்டுனா நாலும் நிக்கும். ஒண்ணு ஒதுங்குச்சுன்னா மூணு போயிரும். ஆரு ஒதுங்கறதுங்கறதுதான நம்மூர்ல சண்டையே? அத இது எல்லா வண்டிக்கும் சேத்து ரோசன பண்ணிச் சொல்லும். இன்னைக்கு அண்ணன் ஒதுங்கறாரு. ஒதுங்க ஒதுங்கக் குடம் ஏறும். நெறஞ்சுதுன்னு வைங்க, அண்ணனுக்கு ஒரு அவசரம் வர்றப்ப இந்தச் செகப்பு பட்டன அமுக்குனாப் போதும். அத்தன வண்டியும் ஒதுங்கி நிக்கும்.”

“மந்திரி போறாப்லயா?” என்றான் அங்கமுத்து.

“மந்திரி வண்டியே ஒதுங்கும்ணா, அவரு குடம் உங்க குடத்த விடக் கொறவா இருந்தா. ஆம்புலன்சு, தீயணைப்பு வண்டிக்கு மட்டும் வேற வழி.”

“ஒதுங்கலீன்னா?” என்றாள் பாவாயி.

“குடம் மொத்தமா வடிஞ்சுரும்க்கா. மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பிக்கோணும்.”

“ரோட்டுல ஒதுங்கி நிக்கறதுக்கு மெசினு எதுக்குங்க? நம்ம சனம் காலங்காலமா அதத்தான பண்ணிட்டிருக்குது.”

அங்கமுத்து அவளை முறைத்தான். அவனுடைய மனக்கண்ணில் அதற்குள் மந்திரியின் கார் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நின்றுகொண்டிருந்தது.

இரண்டு மூன்று வருடத்தில் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெட்டி இல்லாத வண்டி இல்லை என்றாகிவிட்டது. போலீசுக்குப் பயப்படாதவன்கூடக் குடத்துக்குப் பயந்தான். சிவப்பு விளக்கை மதிக்காமல் பறந்த பயல்களெல்லாம் ஆளில்லாத சோளக்காட்டோரம் பயபக்தியோடு நின்றார்கள். அங்கமுத்து ‘வழித்துணை ஓனர்கள் அனுபவப் பகிர்வு’ என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து, தானே அட்மின் ஆனான். வாழ்க்கையில் அவன் வகித்த ஒரே பதவி அது. பங்காளி, சம்பந்தி, செங்கல் சூளைக்காரன், சித்தாள் மேஸ்திரி என்று கண்ணில் பட்டவரையெல்லாம் பெட்டி வாங்க வைத்துக் குழுவில் சேர்த்தான். கம்பெனி அவனுக்குக் கமிஷன் எதுவும் தரவில்லை. கொடுத்திருந்தால்கூட அவன் இவ்வளவு அலைந்திருக்க மாட்டான்.

குழுவில் தினமும் அனுபவங்கள் வந்து கொட்டின. ராசிபுரத்து ஜவுளிக்காரர் ஒருவரைப் பெட்டி கூட்டிப்போய் யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் நிறுத்த, அந்த வீட்டார் மோர் கொடுத்து, பேசிப் பார்த்ததில் தூரத்துச் சொந்தம் என்று தெரியவந்ததாம். பரமத்திக்காரர் ஒருவர் குடம் நிறைந்த குஷியில் பட்டனை அமுக்கி, புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையின் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றதை வீடியோ எடுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டுகிற பொம்மைகளை அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் லோகு ஒரு குரல்பதிவு போட்டான். பண்ணைகளுக்குக் கோழிக்குஞ்சு ஏற்றிப் போகிறவன். உச்சிவெயிலில் ஒரு மில் சுவரோரம் பெட்டி தன்னை நிறுத்திவிட்டதாகவும், காற்று ஓடாமல் கீழடுக்குக் குஞ்செல்லாம் வெந்து செத்துவிட்டதாகவும் சொன்னான். கத்தவில்லை. கடைசியில் மட்டும், “அந்த முக்கியமான ஒருவரு ஆருன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க” என்றான்.

எல்லோருக்கும் பரமத்திப் பிரியாணி ஞாபகம் வந்தது. அட்மின் என்ற முறையில் அங்கமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் பதிவு செய்தான்: “லோகு, மனச விட்டறாதீங்க. உங்க குடத்தப் பாருங்க, எவ்வளவு ஏறியிருக்கும்!”

லோகு குழுவைவிட்டு வெளியேறினான். அவனுக்குப் பக்குவம் பத்தாது என்று அங்கமுத்து நினைத்துக்கொண்டான்.

பக்குவம் அங்கமுத்துவைத் தேடிக்கொண்டு வந்தது, தங்கச்சி ருக்குமணியின் புதுமனை புகுவிழா அன்று. பிறந்த வீட்டுச் சீரான குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு பாவாயி உட்கார்ந்திருக்க, பெட்டி அவர்களை ஒரு பனங்காட்டுக்குள் நிறுத்திவைத்தது. ஒரு முக்கியமானவர் போனார். பிறகு இன்னொருவர். அங்கமுத்து நகர மறுத்தான். குடம் கழுத்துவரை வந்திருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, பந்தி முடிந்து, எச்சிலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ருக்குமணியின் புருசன் வையாபுரி வாசலிலேயே மறித்தான். “வாங்க மச்சான். ஊருக்கெல்லாம் வழி விட்டு முடிச்சாச்சுங்களா?”

“மாப்ள, அது வந்து...”

“புள்ளைக்குக் காது குத்தறப்பவும் இப்படியே பொறுமையா வாங்க. அவசரமில்ல. மடி குடுக்க எம் பங்காளி தங்கராசு இருக்கறான்.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. காதுகுத்தில் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். அதை இன்னொருத்தன் மடிக்கு மாற்றுகிறேன் என்பது, உன் வீட்டோடு சம்பந்தத்தை அறுக்கிறேன் என்பதுதான். விளக்கை நடுவீட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியவர்கள், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

காதுகுத்து நாள் குறித்த பிறகு ருக்குமணி ரகசியமாகப் போன் செய்தாள்.

“கோயிலுக்கு நேரத்துக்கு வந்துருங்ணா. நீங்க இல்லாம நல்ல நேரம் தாண்டுச்சுன்னா அவரு தங்கராச உக்கார வெச்சிருவாரு. சொன்னா சொன்னதுதான் அவருக்கு. அதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குதுன்னு நான் ஆருகிட்டச் சொல்லிக்கறது?”

“அம்மிணி, நீ அழுவாத. இந்த அண்ணன் எப்படி வர்றான்னு மட்டும் பாரு.”

போனை வைத்துவிட்டு வேனுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தான். குடம் விளிம்புவரை நிறைந்து, தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது.

அது பெரிய முகூர்த்த நாள். குலதெய்வம் பெரியாண்டிச்சி அம்மன் ஊத்துக்கரட்டின் உச்சியில் இருக்கிறாள். அந்தச் சின்னப் பாறைக்குன்றைச் சுற்றி நாலு ஊருக்கு ஒரே ஒரு ரோடு. பாவாயி சீர்த்தட்டுகளை அடுக்கினாள்: பட்டுப்பாவாடை, பழம், பூ, வாழைத்தார், சின்னஞ்சிறு தங்கத் தோடு. அங்கமுத்து சலவை வேட்டியில் வந்து உட்கார்ந்து, கைகூப்பி, சிவப்புப் பட்டனை அமுக்கினான்.

“தங்கள் காரியம் என்ன? முன்னுரிமை எதுவரை வேண்டும்?”

“கோயிலு போய்ச் சேர்ற வரைக்கும்னு சொல்லுங்க” என்றாள் பாவாயி.

“அட, போய்ச் சேந்ததும் தீந்துருமே? எறங்கறப்பவும் சனம் பாக்கோணும்ல?” அவன் பெட்டியின் பக்கம் குனிந்தான். “எம் மருமவளுக்குக் காது குத்தி முடிக்கிற வரைக்கும்.”

“ஏற்பாடு செய்யப்படுகிறது, ஐயா.”

“கேட்டியா? ஐயாங்குது!”

“கேட்டன், கேட்டன். வண்டிய எடுங்க, ஐயா.”

அப்படி ஒரு பயணத்தை அங்கமுத்து கனவில்கூடப் போனதில்லை. வழக்கமாக எறும்புப் புற்றாட்டம் இருக்கும் சந்தைப்பேட்டை முக்கில் ஒரு சைக்கிள்கூட இல்லை. ரயில்வே கேட் அவனுக்காகவே திறந்துவைத்ததுபோல் கிடந்தது. கிளை ரோடுகளின் வாயிலெல்லாம் கார்களும் வேன்களும் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. அங்கமுத்து முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டான். ஒரு பெரிய கறுப்புக் கார் வேலி முள்ளுக்குள் பாதி நுழைந்து நின்றதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான்.

“அந்தக் கண்ணாடிய எறக்குடி. நல்லாப் பாக்கட்டும்.”

“பாத்துட்டுத்தான் இருக்கறாங்க” என்றாள் பாவாயி. “ஆனா அந்தப் பார்வ செரியில்லீங்க. சாபம் வுடறாப்ல இருக்குது.”

“எல்லாத்துக்கும் குடம் ஏறுதுல்ல? சும்மாவா நிக்கறாங்க?”

கார்க்காரர்களுக்கு அவன் கையசைத்தான். ஒருத்தர்கூடத் திருப்பி அசைக்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு அது பழக்கமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

கோயிலில் பூசாரி வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். ராத்திரியே வந்துவிட்ட சமையல்காரர்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடா மட்டும் அவர்களை நிமிர்ந்து பார்த்து ஒரு குரல் கொடுத்தது. வேறு யாரும் இல்லை.

“நாமதான் மொதல்ல!” என்றான் அங்கமுத்து. விரித்திருந்த ஜமக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் வேட்டிச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டான்.

பூசாரி வந்து எட்டிப் பார்த்தார். “ஆருங்க?”

“தாய்மாமன்.”

“அது செரி. புள்ள எங்க?”

“வந்துட்டிருக்குதுங்க.”

பூசாரி போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் போனார். சாம்பார் கொதித்து அடங்கியது. அங்கமுத்துவுக்குக் கால் மரத்துப்போனது. தங்கராசுகூட வரவில்லை என்பதில் முதலில் இருந்த சந்தோஷம் மெல்ல மெல்ல வடியத் தொடங்கியபோது ருக்குமணியிடமிருந்து போன் வந்தது. அவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

“அண்ணா, எங்கீங்க இருக்கறீங்க?”

“நான் எப்பவோ வந்து மடிய விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், அம்மிணி. நீங்க எங்க?”

“கரட்டுக்குப் பின்னால, பழைய குவாரிக் குட்டையோரத்துல நிறுத்திப்போட்டுச்சுங்ணா. எங்களயாட்டம் நெறைய வண்டி நிக்குது. தங்கராசண்ணன் காரு எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. ஆரோ முக்கியமான ஆளு போறாராமா.”

அங்கமுத்து பாவாயியைப் பார்த்தான். பாவாயி கிடாவைப் பார்த்தாள்.

“அதக் கேக்காதீங்க அம்மிணி, வண்டியக் கெளப்பிட்டு நேரா வாங்க!”

“எப்படீங்ணா? முன்னால போர்வெல் போடற லாரி மறிச்சு நிக்குது. அதுவுமில்லாம அவரு குடம் முக்கால்வாசி நெறஞ்சிருக்குதாமா. வடிஞ்சுரும்னு நவுர மாட்டீங்கறாரு.” பின்னாலிருந்து வையாபுரியின் குரல் போனைக் கிழித்துக்கொண்டு வந்தது: “இந்தக் கருமத்த வாங்கச் சொன்னது ஆரு? உங்கண்ணந்தான?”

போனை வைத்ததும் அங்கமுத்து வேனுக்கு ஓடினான். “முடிஞ்சுது!” என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினான். “எல்லாம் முடிஞ்சுது. எல்லாத்தையும் விட்டுரு.”

“காதுகுத்து நிகழ்வுக்குரிய குழந்தையின் அழுகை பதிவாகவில்லை, ஐயா. தங்கள் காரியம் நிறைவடையும்வரை முன்னுரிமை தொடரும்.”

அமுக்கிவிட்டுப் பொய் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டதால் போன மாதம்தான் அதற்கும் அதோடு இணைத்த போனுக்கும் காது வைத்திருந்தார்கள். ‘நல்ல மாற்றம், வரவேற்போம்’ என்று குழுவில் எழுதியவன் அங்கமுத்து.

“பாவாயி, கொழந்தையாட்டம் சித்த அழுவு.”

“எனக்கென்ன கேடு? நீங்க அழுவுங்க. அழுவறதுக்கு உங்களுக்குத்தான் காரணம் இருக்குது.”

சலவை வேட்டி கட்டிய தாய்மாமன் ஆம்னி வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, “ஞே... ஞே...” என்று மூன்று வயதுக் குழந்தையாக அழுதான். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்று பார்த்தார்கள்.

“இது பெரியவர் ஒருவரின் குரல், ஐயா. தங்களுக்கு மருத்துவ உதவி தேவையா?”

வேறு வழியில்லாமல் வேனைக் கிளப்பினான். நாமே குட்டைக்குப் போய்விடலாம் என்பது திட்டம். கரட்டைவிட்டு இறங்கிப் பாதி தூரம் போனதும் ருக்குமணி மறுபடியும் கூப்பிட்டாள்.

“அண்ணா, இன்னும் உள்ள தள்ளிப் போகச் சொல்லுதுங்ணா. அந்த முக்கியமான ஆளு இந்தப் பக்கமாத்தான் வர்றாராமா.”

அங்கமுத்து வேகத்தைக் கூட்டினான். ருக்குமணியின் குரல் இன்னும் தூரத்துக்குப் போனது.

“நிறுத்துங்க!” என்று பாவாயி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். “நீங்க போகப் போக அவுங்க போய்ட்டே இருக்கறாங்க. இப்படியே தொரத்துனீங்கன்னா கர்நாடகாவுலதான் காது குத்தோணும். எறங்குங்க.”

“எறங்கி?”

“கால் எதுக்கு இருக்குது?”

வழி விடுவதெல்லாம் வேனுக்குத்தான். நடந்து போகிறவனுக்காக எவனும் எங்கேயும் ஒதுங்குவதில்லை. வேனை ஒரு வேப்பமரத்தடியில் விட்டார்கள். பாவாயி தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்துக்கொள்ள, அங்கமுத்து வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டான். பருத்திக்காடு, அதைத் தாண்டி உழுதுபோட்ட செம்மண், ஒரு முள்வேலி. வேலி அவன் வேட்டியில் தன் பங்கைக் கிழித்து எடுத்துக்கொண்டது. களத்துக்கு முதலாளியானதிலிருந்து அவன் எதையும் சுமந்ததில்லை. கழுத்து நரம்பு தெறித்தது.

“குனிஞ்சு நடங்க, ஐயா” என்றாள் பாவாயி பின்னாலிருந்து. “ஆராச்சும் பாத்துட்டா உங்க மருவாதி என்னாவறது?”

குட்டையோரம் ஒரு திருவிழாவே நின்றுகொண்டிருந்தது. கார்கள், வேன்கள், ஒரு பள்ளிக்கூட பஸ், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த போர் லாரி. ருக்குமணி ஓடி வந்து அண்ணன் தோளிலிருந்த தாரை வாங்கினாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“ஒரு காது ஆயிப்போச்சுங்ணா.”

“ஆரு மடியில?” தங்கராசு எப்படியோ வந்துவிட்டான் என்றுதான் அங்கமுத்து நினைத்தான்.

அவள் கைகாட்டிய இடத்தில், கருவேல மர நிழலில், போர் லாரியில் வேலை பார்க்கும் வடக்கத்தி ஆள் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். நரைத்த மீசை, உடம்பெல்லாம் வெள்ளைக் கல்மாவு. பெயர் மங்ரு. அவன் மடியில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குழந்தை தன்ஷிகா உட்கார்ந்து, அவன் வாயால் செய்துகாட்டும் ஏதோ ஒரு பறவைச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது காதில் தோடு.

நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்க, கரடு கண்ணுக்குத் தெரிகிறது, அம்மனைப் பார்த்தபடியே குத்திவிடலாம் என்று காது குத்த வந்த ஆசாரி சொல்லியிருக்கிறார். யார் மடியில் உட்காரவைத்தாலும் பிள்ளை வீறிட்டு இறங்கியிருக்கிறது. தானாகப் போய் உட்கார்ந்த ஒரே மடி அதுதான். அவன் என்ன ஆள், மடியில் வைக்கலாமா என்று இரண்டு பெரியவர்கள் கேட்கத்தான் வாய் எடுத்தார்கள். கேட்பதற்கு ஒருத்தருக்கும் இந்தி தெரியவில்லை. அந்த இடைவெளியில் ஆசாரி குத்திவிட்டார். பிள்ளை அழவேயில்லையாம்.

“இன்னொரு காதக் குத்தாம ஆசாரிய நான்தான் நிறுத்தி வெச்சங்ணா” என்றாள் ருக்குமணி. “நீங்க வந்துருவீங்கன்னு.”

வையாபுரி வந்து நின்றான். அங்கமுத்துவின் செம்மண் காலையும் கிழிந்த வேட்டியையும் மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

“நடந்தா வந்தீங்க மச்சான்?”

“ஆமா மாப்ள.”

“வண்டி?”

“அங்க... விட்டுட்டு வந்துட்டன்.”

வையாபுரியின் முகம் இளகியது. சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகவே சொன்னான்: “பாத்தீங்களா? குடமாவது மண்ணாவதுன்னு வண்டியப் போட்டுட்டுக் காட்டுக்குள்ளாற சீரச் சொமந்துட்டு வந்திருக்கறாரு. தாய்மாமன்னா இப்படியில்ல இருக்கோணும்! நான்தான் அன்னைக்கு வாய விட்டுட்டன் மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க.”

நாலு பேர் ஆமோதித்தார்கள். யாரோ ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்கள். பாவாயி தட்டுகளை இறக்கிவைக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு மங்ருவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். மங்ரு குழந்தையைத் தூக்கி அவன் மடிக்கு மாற்றினான். அவள் மாமனின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். ஆசாரியின் ஊசி இன்னும் காதைத் தொடவில்லை. அதற்குள் வானம் இடிகிற மாதிரி ஒரு அலறல். ஊசி ஏறியபோது இன்னொன்று.

அங்கமுத்துவின் சட்டைப்பையில் இருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. பெட்டியின் காது அதிலும் உண்டு.

அடுத்த நொடி குட்டையோரம் நின்ற அத்தனை வண்டியிலிருந்தும் ஒரே குரல், ஒன்றாகச் சேர்ந்து எழுந்தது: “பாதை திறக்கப்பட்டது. தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.”

அங்கமுத்துவுக்கு உயிர் நின்று திரும்பியது. யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், அந்த அலறலையும் இந்தக் குரலையும் சேர்த்து யோசித்தால் போதும். கூட்டம் வண்டிகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பள்ளிக்கூட பஸ் டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“புள்ள அழுத நேரம், வழி தொறந்துருச்சு பாருங்க! ராசியான புள்ளைங்க!”

ஆளாளுக்கு வந்து தன்ஷிகாவின் மோவாயைத் தொட்டு முத்தமிட்டார்கள். ஒரு அம்மாள் திருஷ்டி கழித்தாள். ருக்குமணி வாழைப்பழச் சீப்பையும் வேட்டி துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, பாதியை அண்ணனிடமும் பாதியை மங்ருவிடமும் கொடுத்தாள். ஒரு காதுக்கு அவனும் தாய்மாமன்தானே, கணக்குக் கணக்குதான் என்றாள். மங்ரு ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டு, அங்கமுத்துவைப் பார்த்துச் சிரித்தான். அங்கமுத்து பதிலுக்குச் சிரித்துவைத்தான்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒரு வெள்ளைக் கார் மட்டும் கிளம்பவில்லை. கதவு திறந்திருந்தது. பின்சீட்டில் ஒரு பெண், தலையில் கைவைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். அவள் புருசன் போனைக் கையில் வைத்தபடி வெளியே நின்றார்.

“என்னாச்சுங்க? வழிதான் விட்டாச்சே?” என்றான் வையாபுரி.

“அவுங்கம்மா காலைல தவறிட்டாங்க. கரட்டுக்கு அந்தப் பக்கந்தான் ஊரு. இவ ஒருத்திதான் பொண்ணு. மொகம் பாக்கட்டும்னு வெச்சிருந்தாங்க.” அவர் போனைப் பையில் போட்டார். “வெயிலு. இதுக்கு மேல வெச்சிருக்க முடியாதுன்னு எடுத்துட்டாங்களாமா.”

“பட்டன் அமுக்கலீங்களா?”

“போன வாரந்தான் வாங்குனது. குடத்துல ஒண்ணுமில்ல.”

அவர் காரை எடுத்தார். மெதுவாக, இனி எந்த அவசரமும் இல்லாதவராக, ரோட்டுப் பக்கம் திருப்பினார். அங்கமுத்துவின் மடியில் தன்ஷிகா விசும்பி விசும்பி அடங்கிக்கொண்டிருந்தாள். அவன் அவள் காதையே பார்த்தான். குத்திய இடத்தில் ஒரு துளி ரத்தம் இருந்தது. துடைக்கக் கை எழவில்லை.

வையாபுரி போகிற காரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

“ஒரு பொம்பள பெத்தவ மொகம் பாக்க முடியாமப் பண்ணிப்போட்டானே. அப்படி என்ன மசுரு அவசரம் அவனுக்கு? எவனோ பெரிய மனுசனாமா. கையில மட்டும் கெடச்சான்னு வைங்க மச்சான்...”

எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். அன்றைய நாயகன் ஏதாவது சொல்ல வேண்டும். அவன் வாய் தானாகத் திறந்தது. அட்மின் குரல் தானாக வந்தது.

“கெடைக்கட்டும் மாப்ள. செருப்பக் கழட்டி மொத அடி நான் அடிக்கறேன்.”

பாவாயி மண்ணில் கிடந்த அவன் செருப்பைக் கால் விரலால் மெல்ல நகர்த்தி, அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் கொண்டுவந்து வைத்தாள்.